சூடு பட்டால் எடை மாறுமா?
ரிலே தேர்வும் வணிகரின் தராசும்



மளிகைக் கடையானாலும் தானிய மண்டியானாலும் நம் தொழிலின் உயிர் எடையில் இருக்கிறது. சரக்கு நல்லதாக இருந்து, விலையும் நியாயமாக இருந்து, எடை மட்டும் தவறினால் வாடிக்கையாளர் மறுபடி நம் கடைப்படி ஏற மாட்டார். எடை கூடுதலாகப் போனால் நஷ்டம் நமக்கு. இரண்டும் ஆகாது.

மணிலா, நெல் வரத்து மிகுந்த நாட்களில் எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் கிடங்கு வைத்திருப்போர் காதில் அடிக்கடி ஒரு யோசனை விழுகிறது. எடை மேடை இரண்டு இருக்கட்டும். எண் காட்டும் இண்டிகேட்டர் பெட்டி ஒன்று போதும். நடுவில் ஒரு ரிலே பெட்டி வைத்துவிட்டால், பட்டனை அழுத்தினால் இந்த மேடை, மறுபடி அழுத்தினால் அந்த மேடை என்று மாற்றிக் கொள்ளலாம். ஒரு இண்டிகேட்டர் விலை மிச்சம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எந்த ரிலே இருக்கிறது என்று கேட்காமல் சம்மதித்தால், மிச்சம் பிடித்த பணம் மூட்டை மூட்டையாக வெளியே போய்விடும். அது எப்படி என்பதைத் தராசு பழுது பார்ப்போரிடம் கேட்டும், கருவிகளின் விவரக் குறிப்புகளைப் படித்தும் நாம் அறிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

ரிலே என்பது யாது?

ரிலே நமக்குப் புதியது அல்ல. கடையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டெபிலைசர், மின்சாரம் ஏறி இறங்கும்போது 'டக், டக்' என்று சத்தம் போடுகிறதே, அந்தச் சத்தம் ரிலேயின் சத்தம்தான். உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்து ஒரு முனையை விட்டு இன்னொரு முனையைத் தொடும். அதாவது, மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச்.

அந்தக் காலத்தில் தபால் கொண்டு போகிறவர்கள் வழியில் களைத்த குதிரையை விட்டுப் புதுக்குதிரை ஏறுவார்கள். அந்த மாற்றுக் குதிரைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்தான் ரிலே. தந்திக் கம்பியில் தளர்ந்து வரும் செய்திக்குப் புது மின்சாரம் ஏற்றி அனுப்பிய கருவிக்கும் அதே பெயர் வந்தது.

ஸ்டெபிலைசரில் உள்ள ரிலே பல ஆம்பியர் மின்சாரத்தைத் தாங்க வேண்டும். அதன் முனைகள் கருகாமல் இருந்தால் போதும். எடை மேடையில் வேலை அதுவல்ல. அங்கே ரிலே வழியாகப் போவது மிக மிகச் சிறிய மின்னழுத்தம். அது எவ்வளவு சிறியது என்பதை முதலில் பார்ப்போம்.

தராசுக்குள் நடப்பது என்ன?

எலெக்ட்ரானிக் தராசின் தட்டுக்குக் கீழே லோடு செல் என்ற உலோகக் கட்டை இருக்கிறது. பாரம் வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டியுள்ள மெல்லிய உலோக இழைகள் நீண்டும் சுருங்கியும் மின்தடையை மாற்றும். அந்த மாற்றம் மின்னழுத்தமாக வெளிவந்து, எண்ணாக மாறிக் காட்டப்படுகிறது.

பரவலாகக் கிடைக்கும் லோடு செல்லில் ஊட்டும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும், முழுப் பாரத்தில் 2 மில்லிவோல்ட் கிடைக்கும். 5 வோல்ட் ஊட்டினால் 10 மில்லிவோல்ட். 40 கிலோ தாங்கும் லோடு செல்லை 30 கிலோ தராசில் வைத்தால் 30 கிலோவுக்குக் கிடைப்பது 7.5 மில்லிவோல்ட். அந்தத் தராசு 5 கிராம் வரை பிரித்துக் காட்டினால் 30 கிலோவுக்கு 6,000 பிரிவுகள். 7.5 மில்லிவோல்ட்டை 6,000 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பிரிவுக்கு 1.25 மைக்ரோவோல்ட் வரும். மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

300 கிலோ மேடையில் 50 கிராம் வரை பிரித்துக் காட்டினாலும் இதே 6,000 பிரிவுகள்தான். ஆகவே அங்கே 1.25 மைக்ரோவோல்ட் என்பது 50 கிராம். டார்ச் விளக்கு பாட்டரியின் 1.5 வோல்ட்டைப் பன்னிரண்டு லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்துக் கொண்டால் என்னவோ, அதுதான் இந்த 50 கிராம்.

இரண்டு உலோகமும் ஒரு சூடும்

1821-ம் ஆண்டு பெர்லினில் தாமஸ் யோகான் சீபெக் என்ற அறிஞர் ஒன்றைக் கண்டார். இரண்டு வெவ்வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கினால், பக்கத்தில் வைத்த காந்த ஊசி திரும்பியது. வளையத்தில் மின்சாரம் பிறந்ததே அதற்குக் காரணம். பாட்டரி இல்லாமல், சூட்டு வித்தியாசத்தால் மட்டுமே பிறக்கும் இந்த மின்னழுத்தத்தை வெப்ப மின்னழுத்தம் என்கிறோம். உலைகளின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது.

அங்கே நன்மையாக இருப்பது, நுண்ணிய அளவீட்டில் தொல்லையாக முடிகிறது. செம்பும் செம்பும் சுத்தமாகச் சேர்ந்தால் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 0.2 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் வராது. செம்போடு வெள்ளியோ தங்கமோ சேர்ந்தால் சுமார் 0.3. செம்போடு ஈய-வெள்ளீயப் பற்று சேர்ந்தால் 1 முதல் 3. செம்போடு கோவார் என்ற இரும்பு-நிக்கல் கலவை சேர்ந்தால் சுமார் 40, சில சமயம் அதற்கும் மேல். பச்சை பிடித்துக் கறுத்த செம்பு, அதாவது செம்பு ஆக்சைடு ஏறிய இணைப்பானால் 1,000 மைக்ரோவோல்ட் வரை போகும்.

இந்த எண்களை மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 1.25 மைக்ரோவோல்ட்டுக்கு 50 கிராம். லோடு செல்லிலிருந்து வரும் பாதையில் எங்கேயோ ஓர் இணைப்பு மற்றதைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தாலும், அது எடையாகக் காட்டும். தராசுக்குப் பாரத்தால் வந்த மின்னழுத்தம் எது, சூட்டால் வந்தது எது என்று பிரித்தறியத் தெரியாது.

சாதாரண ரிலே செய்யும் தீங்கு

ரிலேயின் சுருளில் மின்சாரம் நிற்கும் வரை அது சூடாகிக்கொண்டே இருக்கும். ஒரு சிறிய ரிலேயின் சுருள் 5 வோல்ட்டில் சுமார் 140 மில்லிவாட் எடுக்கும். கையில் தொட்டால் லேசான வெதுவெதுப்பு. அந்த வெதுவெதுப்பு சுருளை ஒட்டியுள்ள முனைகளுக்கு ஏறுகிறது. ஒரு முனை சுருளுக்கு அருகே, இன்னொன்று தள்ளி. ஒன்றுக்குச் சூடு அதிகம், மற்றதற்குக் குறைவு. வித்தியாசம் பிறந்துவிட்டது.

ரீட் ரிலே என்று ஒரு வகை உண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். தகடு காந்தத்துக்கு இழுபட வேண்டும், கண்ணாடியோடு சேர்த்து உருக்கி அடைக்கும்போது விரிசல் விடாமலும் இருக்க வேண்டும் என்பதால் அதை இரும்பு-நிக்கல் கலவையில் செய்கிறார்கள். அது வெளியே வந்து செம்புக் கம்பியைச் சந்திக்கும் இடத்தில்தான் டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட் பிறக்கும். ஆகவே சாதாரண ரீட் ரிலே 10 மைக்ரோவோல்ட், அதற்கும் மேல் கூடப் பொய்யாகச் சேர்க்கும். 10 மைக்ரோவோல்ட் என்றால் நம் 300 கிலோ மேடையில் 8 பிரிவு; 400 கிராம்!

"ரிலே போட்ட பிறகு பூஜ்யம் சரிசெய்துவிட்டால் போகிறது" என்பார்கள். பாதி உண்மை. மாறாமல் நிற்கும் பகுதியைப் பூஜ்யம் கழித்துவிடும். ஆனால் சுருள் சூடேற நேரம் ஆகும். காற்று பட்டால் ஆறும். மேடையை மாற்றினால் மறுபடி ஏறும். பூஜ்யம் வைத்த பிறகு 2 மைக்ரோவோல்ட் நகர்ந்தாலே மூட்டைக்கு 50 முதல் 100 கிராம் வரை போகும். 100 மூட்டை நிறுத்தால் 5 முதல் 10 கிலோ. அது விவசாயியின் பக்கம் போனாலும் நம் பக்கம் போனாலும் நியாயம் அல்ல.

நல்ல ரிலேக்கு என்ன அடையாளம்?

நுண்ணளவைக் கூடங்களுக்கு ரிலே வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கிறார்கள்:

1. விவரக் குறிப்பில் வெப்ப மின்னழுத்தம் இத்தனை மைக்ரோவோல்ட் என்று தனியாகக் குறித்திருக்க வேண்டும். இதற்கென்றே செய்யப்பட்டவற்றில் 1 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவானவை கிடைக்கின்றன. குறிப்பிலேயே இல்லை என்றால் அந்த ரிலே வேறு வேலைக்குச் செய்யப்பட்டது என்று பொருள்.

2. சுருள் சூடு குறைவாக இருக்க வேண்டும். லாட்சிங் ரிலே என்ற வகைக்கு மாறும்போது மட்டும் சில மில்லிசெகண்ட் மின்சாரம் கொடுத்தால் போதும். பிறகு நிலைக்காந்தம் அதைப் பிடித்துக் கொள்ளும். மின்சாரம் நிற்பதில்லை, சூடும் இல்லை.

3. இரண்டு கம்பிகளையும் ஒரே ரிலேயில் ஒரே மாதிரியான இரட்டை முனைகள் வழியாக மாற்ற வேண்டும். ஒரு கம்பியில் பிறப்பதும் மறு கம்பியில் பிறப்பதும் சமமானால் ஒன்றையொன்று கழித்துவிடும். தராசின் இரு தட்டிலும் ஒரே அளவு தூசி படிந்தால் முள் நகராதது போல.

4. இணைப்புகள் அருகருகே, ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அவற்றைக் கனத்த உலோகக் கட்டையோடு ஒட்டி வைத்து, காற்று வீசாமல் மூடி வைப்பார்கள்.

5. கம்பியிலிருந்து முனை வரை முடிந்தவரை செம்பாகவே இருக்க வேண்டும். முனைகளுக்குத் தங்கப்பூச்சு நல்லது, பாசி ஏறாது.

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் ஒரு கிலோ விழுந்ததும் மோட்டாரை நிறுத்தும் ரிலேயும் இருக்கிறது. அது எடைச் சமிக்ஞையின் பாதையில் இல்லை. அதற்குச் சாதாரண ரிலே போதும். அங்கே விலையுயர்ந்த ரிலே வேண்டும் என்று யாராவது சொன்னால் பணத்தை வீணாக்க வேண்டாம். இடம் அறிந்து செலவு செய்வதுதான் வியாபாரம்.

தட்டு மாற்றி நிறுக்கும் பழைய வழி

எவ்வளவு நல்ல ரிலே போட்டாலும் கொஞ்சம் பிழை மிஞ்சும். அதைக் கழிக்க விஞ்ஞானிகள் கையாளும் வழி நம் பெரியவர்கள் அறிந்ததுதான்.

கைத்தராசுக் காலத்தில் தராசின் மேல் சந்தேகம் வந்தால், வாங்குகிறவர் "தட்டு மாற்றி நிறுங்கள்" என்பார். எடைக்கல் இருந்த தட்டில் சரக்கு, சரக்கு இருந்த தட்டில் எடைக்கல். ஒரு பக்கம் தண்டு நீண்டிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு எடைக்கும் நடுவே உள்ளது உண்மை எடை. எண்ணெய் வாங்கப் பாத்திரம் வைத்தால் அதற்குத் தடை கட்டிய பிறகே எண்ணெய் ஊற்றுவதும் நம் பழக்கம்.

மின் அளவீட்டிலும் இந்த இரண்டும் உண்டு. முதலில் ரிலேயின் வழியே சமிக்ஞை இல்லாமல் அளந்து, வந்த எண்ணைக் கழித்துவிடுவது. இது தடை கட்டுவது. அடுத்தது, லோடு செல்லுக்கு ஊட்டும் மின்சாரத்தைத் திசை மாற்றி இருமுறை அளப்பது. இது தட்டு மாற்றுவது. உண்மை அளவு 1,000, சூட்டால் வந்தது 8 என்று கொள்வோம். நேராக அளந்தால் 1,008. திசை மாற்றினால் உண்மை அளவு கழித்தல் 1,000 ஆகும். சூட்டால் வந்த 8 மட்டும் திசை மாறாது. ஆகவே கழித்தல் 992. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2,000. அதில் பாதி 1,000. பொய் 8 மறைந்துவிட்டது. சூடு மாறுவதற்குள் சட்டென்று இரண்டையும் அளந்துவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உயர்தரமான சில எடைக்கருவிகள் இதைத் தாமாகவே இடைவிடாமல் செய்கின்றன.

கிலோகிராமே இதை நம்பி நிற்கிறது

நாம் நிறுக்கும் கிலோவுக்கே இப்போது மின் அளவீடுதான் ஆதாரம் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். சேரும் வீசையும் மணங்கும் போய், 1956-ம் ஆண்டுச் சட்டப்படி 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் எடை வந்தது. அப்போது கிலோ என்றால் பிரான்சில் பாரிஸுக்கு அருகே செவ்ரே என்னுமிடத்தில் பூட்டி வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் 57-ம் எண் நகல் புதுடில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அன்று உலக நாடுகள் கூடி இதை மாற்றின. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. அதை நடைமுறையில் நிலைநாட்டும் கருவிகளுள் ஒன்று, பிரிட்டனைச் சேர்ந்த பிரையன் கிபிள் 1975-ல் முன்வைத்த கிபிள் தராசு. பாரத்தை அது மின்சாரத்தால் சமன் செய்கிறது. மிகச் சிறந்த கிபிள் தராசுகள் சுமார் பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை துல்லியம் காட்டுகின்றன. ஒரு வோல்ட்டில் அது மைக்ரோவோல்ட்டின் நூறில் ஒரு பங்கு. சாதாரண ரிலே ஒன்று சேர்க்கும் 10 மைக்ரோவோல்ட் அங்கே ஆயிரம் மடங்கு பிழை. அதனால்தான் அத்தகைய கூடங்களில் முனைக்கு முனை செம்பு தேடுகிறார்கள். திசை மாற்றி மாற்றி அளக்கிறார்கள்.

நம் கடைக்கு என்ன பாடம்?

நம் மேசைத் தராசின் எடைப் பாதையில் பெரும்பாலும் ரிலே கிடையாது. ஆனால் இணைப்புகள் உண்டு, சூடும் உண்டு. சூட்டால் வரும் பிழைக்கு வெப்ப மின்னழுத்தம் ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. லோடு செல்லின் உலோகமும், உள்ளே உள்ள மின்சுற்றும் கூட சூட்டுக்கு ஏற்ப மாறும். அனைத்துலகச் சட்டமுறை அளவியல் அமைப்பின் ஆர் 76 என்ற பரிந்துரை, கடைத் தராசில் 5 டிகிரி சூடு மாறினால் பூஜ்யம் ஒரு பிரிவு வரை நகரலாம் என்று இடம் தருகிறது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக் கடையில் காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 5 கிராம் தராசில் அது 10 கிராம். கிலோவுக்கு 10 கிராம் என்றால் 50 கிலோ சர்க்கரை மூட்டையைக் கிலோ கிலோவாக விற்று முடிக்கையில் அரைக் கிலோ. சர்க்கரையில் நமக்கு நிற்கும் லாபம் என்ன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்போம்:

• கடை திறந்ததும் தராசைப் போட்டு, காலித் தட்டோடு கால் மணி முதல் அரை மணி நேரம் விட்டு, பிறகு பூஜ்யம் பார்த்து வியாபாரம் தொடங்கலாம்.

• மேற்கு வெயில் படும் இடம், அடுப்பு, கடலை வறுக்கும் சட்டி, ஃபிரிட்ஜின் பின்புறச் சூடு, நேரே வீசும் மின்விசிறி ஆகியவற்றிலிருந்து தராசைத் தள்ளி வைக்கவும்.

• பல தராசுகள் தட்டு காலியாக இருக்கும்போது தாமே பூஜ்யத்தைச் சரிசெய்து கொள்ளும். எப்போதும் ஒரு டப்பாவைத் தட்டிலேயே வைத்திருந்தால் அது நடக்காது. ஆகவே பாத்திரத்தை ஒவ்வொரு முறையும் எடுத்து, பூஜ்யம் பார்த்துத் தடை கட்டவும்.

• முத்திரையிட்ட எடைக்கல் ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டு, காலை, மதியம், மாலை நிறுத்துப் பார்த்து நோட்டில் நேரத்தோடு எழுதவும். ஒரு வாரம் எழுதினால் நம் தராசின் குணம் தெரிந்துவிடும். பழுது பார்ப்பவரிடமும் கையில் ஆதாரத்தோடு பேசலாம்.

• மேடைத் தராசின் பிளக் இணைப்பில் உப்பு, புளி ஈரம், மஞ்சள் தூள் சேரவிடக் கூடாது. பச்சை பிடித்த முனை என்ன செய்யும் என்பதை மேலே கண்டோம். கம்பி அறுந்தால் முறுக்கி டேப் சுற்றி ஒப்பேற்றவும் வேண்டாம்.

• இரண்டு மேடைக்கு ஓர் இண்டிகேட்டர் வேண்டுமானால், அதற்கென்றே இரட்டை வழியோடு செய்து மாதிரி ஒப்புதல் பெற்ற கருவியை வாங்கவும். கடையில் கிடைத்த ரிலேயைப் பெட்டியில் போட்டு இடையில் செருகுவது வேண்டாம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது

2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, எடைக்கருவியின் மாதிரி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்; சரிபார்த்து முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும்; பழுது பார்ப்பவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற கருவிக்கு நடுவே நாமாக ஒரு பெட்டியைச் சேர்த்தால் அது சோதித்துப் பார்த்த கருவி ஆகாது. முத்திரை ஆய்வாளர் வந்து கேட்டால் யோசனை சொன்னவர் பக்கத்தில் இருக்க மாட்டார். கடையின் பெயர்ப்பலகையில் இருப்பது நம் பெயர். பழுது பார்த்த பிறகு மறுமுத்திரை பெறுவதையும் தள்ளிப் போட வேண்டாம்.

இரும்பு எடைக்கல் காலத்தில் தேய்மானமும் துருவும் கண்ணுக்குத் தெரிந்தன. இன்றைய தராசில் பிழை கண்ணுக்குத் தெரியாத இணைப்பில், கைக்குப் புலப்படாத சூட்டில் ஒளிந்திருக்கிறது. தெரியாத இடத்தில் விழிப்பாக இருப்பதுதான் இந்தக் காலத்து வணிகருக்கு அழகு. இனி எவராவது ரிலே பெட்டியைக் கொண்டு வந்து வைத்தால் விலையைக் கேட்பதற்கு முன், "இதில் வெப்ப மின்னழுத்தம் எத்தனை மைக்ரோவோல்ட்? மாதிரி ஒப்புதல் இருக்கிறதா?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்போம். பதில் எழுத்தில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.